பெயரில்லாத ரிவால்வர்: ஸ்மித் உடம்பு, வேறு பேரல். வேலை செய்த கை யாருடையது?

ஒகாயோக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் காலமாகி, அவர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். தூண்டில்கள், கருவிப்பெட்டி, இரண்டு அலமாரி நிறையப் பழைய பத்திரிகைகள், அப்புறம் ஒரு ரிவால்வர். ரிவால்வரை நான் எடுத்தேன். டீலர் வழியாகத் தாள் வேலை எல்லாம் முடிந்து நேற்றுதான் கைக்கு வந்தது.

ஃப்ரேம், அதாவது உடம்பு, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியுடையது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பேரல் அவர்களுடையது மாதிரி தெரியவில்லை. 6 அங்குலம், அடியில் முனை வரைக்கும் கனமான உலோகம், மேலே இடைவெளி விட்ட ரிப், அதாவது நீளப் பட்டை. பேரலின் இரண்டு பக்கமும் ஓர் எழுத்துகூடக் கிடையாது, கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. தோட்டாவை அடிக்கிற ஹேமரின் வாலை வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஹேமரைக் கையால் பின்னுக்கு இழுத்து நிறுத்தவே முடியாது, ஒவ்வொரு முறையும் டிரிகரை முழுக்க இழுத்துத்தான் சுட வேண்டும். அந்த இழுப்பு இருக்கிறதே, வெண்ணெய்! என்னிடம் இருக்கிற மற்ற இரண்டும் இதற்குப் பக்கத்தில் வண்டி மாடு.

பட்டறைப் பெயர், முத்திரை, கையெழுத்து எதுவுமே வெளியில் இல்லை. இதைச் செய்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நெறியாளர்

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி. சீரியல் எண் இருக்கிறதா? பெயர் இல்லாதது வேறு, எண் இல்லாதது வேறு. 1968 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தயாரான ஒவ்வொரு துப்பாக்கியிலும் எண் இருந்தாக வேண்டும். அழித்த எண்ணோடு ஒன்றை வைத்திருந்தாலே குற்றம். எண் இல்லையென்றால் இந்த இழையை மூடிவிட்டு வக்கீலிடம் போகச் சொல்வேன். ஸ்மித்தில் அது கைப்பிடியின் அடிப்பாகத்தில் இருக்கும், பெரிய மரக் கைப்பிடி போட்டிருந்தால் மறைந்திருக்கும். கழற்றிப் பாருங்கள்.

இன்னொன்று, எச்1பி விசாவில் இருக்கும் தம்பிகளுக்கு. இதைப் படித்துவிட்டு ஏலத்துக்குக் கிளம்பாதீர்கள். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளைத் தவிர, உங்கள் நிலையில் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி இல்லை. பச்சை அட்டை வரட்டும்.

ஒகாயோக்காரன்

நான் குடிமகனாகி ஒன்பது வருடம் ஆகிறது ஐயா, கவலை வேண்டாம்.

கைப்பிடியைக் கழற்றினேன். எண் தெளிவாக இருக்கிறது. 'டி' எழுத்து, அப்புறம் ஆறு இலக்கம், முதல் இலக்கம் 5. சிலிண்டரை வெளியே சாய்த்தால் யோக் (சிலிண்டரைத் தாங்கும் கை) உட்காரும் பள்ளத்தில் 'மாட். 10-6' என்று இருக்கிறது.

கொங்கு_காடு

பெயர் இல்லாத ரிவால்வர் என்றாலே பெல்ஜியம்தான் நண்பரே. எங்கள் தாத்தா காலத்து எஸ்டேட் பங்களாக்களில் அப்படித்தான் இருக்கும்.

ஐம்பதுகஜம்

கொங்கு அண்ணா, பெல்ஜியம் துப்பாக்கியில் பட்டறைப் பெயர் இல்லாமல் இருக்கலாம். லீஜ் நகரச் சோதனைச் சாலையின் முத்திரை இல்லாமல் இருக்காது. நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள், 1893க்குப் பிறகு என்றால் மேலே ஒரு கிரீடம். தாத்தா பங்களாச் சமாச்சாரத்தை அப்படிக் கண்டுபிடிக்கலாம். இது வேறு சாதி.

ஒகாயோ, நீங்கள் கொடுத்த இரண்டு துப்பும் நல்ல துப்பு. 'டி' எழுத்து 1960களின் கடைசியில் மாடல் 10க்கு வந்தது. 5ல் தொடங்குகிறது என்றால் 1970களின் முதல் பாதி. அதைவிட முக்கியம் '10-6'. மாடல் 10ல் அந்த 6 கனத்த பேரல் வகையைக் குறிக்கும். ஆக, தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது இது கனத்த பேரல் போட்ட சாதாரண .38 ஸ்பெஷல், பெரும்பாலும் 4 அங்குலம். ஊர் ஊராகப் போலீஸ்காரர்கள் இடுப்பில் தொங்கியது. இப்போது இருக்கும் பேரலை அப்புறம்தான் யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

ஏன் மாட்டினார்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், தெரியாமல். வால் வெட்டிய ஹேமர், இழுத்துச் சுட மட்டும் ஆகிற அமைப்பு. இது பி.பி.சி. போட்டித் துப்பாக்கி. எஃப்.பி.ஐ. பயிற்சிமுறையிலிருந்து வளர்ந்து, தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ. நடத்திய போலீஸ்காரர்களின் போட்டி. 7 கஜத்தில் தொடங்கி 50 கஜம் வரை. முழு ஆட்டம் 150 குண்டு, ஒன்றுக்குப் பத்து, மொத்தம் 1500. 50 கஜத்தில் உட்கார்ந்து, படுத்து, தடுப்பின் இரண்டு பக்கமும் நின்று 24 குண்டு, 2 நிமிடம் 45 விநாடிக்குள். நடுவில் மூன்று முறை மறுபடி நிரப்ப வேண்டும். நான் எட்டு வருடம் ஆடியிருக்கிறேன், ஒரு முறைகூட 1450ஐத் தாண்டியதில்லை என்பது தனிக்கதை.

அந்தத் துளை ரிப்பும் முழு நீள அடிப்பாகமும் கோல்ட் கம்பெனியின் பைத்தான் ரிவால்வர் மாதிரி இருக்கிறது. பக்கவாட்டுப் படம் போடுங்கள்.

லேத்து_பட்டறை

படம் வருவதற்கு முன்னாலேயே ஒன்று செய்து பார்க்கலாம். பேரலின் வெளித்தோற்றத்தை எப்படி வேண்டுமானாலும் சீவலாம், உள்ளே குண்டைச் சுழல வைக்கிற புரியை மாற்ற முடியாது. ஸ்மித் .38ல் ஐந்து புரி, வலப்பக்கமாகச் சுற்றும், 18¾ அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று. கோல்ட்டில் ஆறு புரி, இடப்பக்கம். பைத்தானில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பிடி தானாகச் சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி மாட்டி, கம்பியில் ஒரு டேப்பைக் கொடி மாதிரி ஒட்டி, மெதுவாகத் தள்ளுங்கள். 6 அங்குலம் உள்ளே போகும்போது கொடி எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். ஸ்மித் என்றால் 115 டிகிரி பக்கம். பைத்தான் என்றால் 154.

ஒகாயோக்காரன்

பையனின் கோணமானியை வாங்கி மூன்று முறை செய்தேன். 150, 155, 155. திரும்பியது இடப்பக்கம். டார்ச் அடித்து எண்ணினேன், ஆறு புரி.

படமும் இணைத்திருக்கிறேன்.

ஐம்பதுகஜம்

அவ்வளவுதான். பைத்தான் பேரல். இந்தக் கலப்புக்கு எங்கள் பக்கம் 'ஸ்மோல்ட்' என்று பெயர், ஸ்மித்தும் கோல்ட்டும் சேர்ந்தது. 'ஸ்மைதன்' என்பவர்களும் உண்டு. ரூகர் ஃப்ரேமில் இதே பேரலை மாட்டினால் 'கூகர்'. பெயர் வைப்பதில் மட்டும் இவர்களுக்குக் குறைச்சலே இல்லை.

ஏன் இந்தக் கூத்து என்று புதியவர்கள் கேட்பார்கள். இழுத்துச் சுடும்போது ஸ்மித்தின் டிரிகர் ஒரே சீராக வரும், சீர்செய்வதும் சுலபம். கோல்ட்டில் இழுப்பு கடைசியில் ஏறிக்கொண்டே போகும். பேரல் விஷயத்தில் தலைகீழ். 148 கிரெயின் எடையுள்ள வாட்கட்டர், தட்டை மூக்குக் குண்டு, மெதுவாகப் போவது. 50 கஜத்தில் அது தள்ளாடாமல் போக ஸ்மித்தின் சோம்பல் புரியைவிடப் பைத்தானின் வேகமான புரி நல்லது என்பது அந்தக் காலத்து ஆட்டக்காரர்களின் முடிவு. முன்பாரம் வேறு கூடுதல். 1980களின் தொடக்கத்தில் ஸ்மித்தே முழு நீள அடிப்பாகத்தோடு 586, 686 மாடல்களைக் கொண்டுவந்த பிறகு இந்த வேலைக்கு மவுசு குறைந்தது. அதனால் உங்களுடையதைச் செய்த காலம் கிட்டத்தட்ட 1975லிருந்து 1985க்குள் என்று நான் வைப்பேன்.

ஏலக்கடை

அடேங்கப்பா! ஸ்மோல்ட் என்றால் பில் டேவிஸ்தானே! கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ. ஒகாயோ சார், விற்கும்போது 'டேவிஸ் வேலை' என்று ஒரு வார்த்தை போடுங்கள், விலை எங்கேயோ போகும்.

ஐம்பதுகஜம்

இதற்குத்தான் பயந்தேன்.

டேவிஸ் ஸ்மோல்ட்டுக்குப் பேர் போனவர், உண்மை. ஆனால் ஸ்மோல்ட் எல்லாம் டேவிஸ் இல்லை. அதே காலத்தில் மிசௌரியில் ரான் பவர், நியூ ஜெர்சியில் ஆஸ்டின் பெலர்ட், லூசியானாவில் 1958 தேசியக் கைத்துப்பாக்கி சாம்பியன் ஜிம் கிளார்க் என்று போலீஸ் போட்டிக்காரர்களுக்கு ரிவால்வர் வேலை செய்த பெரிய பட்டறைகள் பல. இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாதவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒவ்வொரு பெரிய போலீஸ் துறையிலும் ஓர் ஆயுதப் பராமரிப்பாளர் இருந்தார். அவருக்கு ஒரு லேத், ஒரு வைஸ், மதியத்துக்குப் பிறகு கொஞ்சம் நேரம். தன் ஊர் அணிக்கு ஆறு துப்பாக்கி செய்து கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அவர் எதற்கு முத்திரை வைத்துக்கொள்ளப் போகிறார்?

ஏலத்தில் பார்க்கிறேனே. மேலே போ-மார் ரிப் இருந்தால் 'போ-மார் செய்த துப்பாக்கி' என்று எழுதுகிறார்கள். அவர்கள் டெக்சாஸின் லாங்வியூவில் ரிப்பும் சைட்டும் (குறி பார்க்கும் அமைப்பு) செய்து விற்றவர்கள், யார் வேண்டுமானாலும் வாங்கி மாட்டியிருக்கலாம். கைப்பிடியும் அப்படித்தான். ஹோக் கைப்பிடி இருந்தால் லாஸ் ஏஞ்சலஸ் என்பார்கள். கை ஹோக் அந்த ஊர்ப் போலீஸ்காரர், 1968ல் ஆரம்பித்தார், சரி. ஆனால் ஒரே ஒரு திருகில் கழன்று வருகிற சாமானை வைத்துத் துப்பாக்கியின் சாதகம் கணிக்கலாமா?

லேத்து_பட்டறை

ஐம்பதுகஜம் சொல்வது சரி. வாங்கி மாட்டியதைப் பார்க்காதீர்கள், செய்தவன் தன் மூளையைப் போட்ட இடத்தைப் பாருங்கள். ஸ்மோல்ட்டில் அப்படி ஓர் இடம் உண்டு.

மரை பெரிய விஷயமில்லை. ஸ்மித் கே ஃப்ரேமில் (மாடல் 10ன் உடம்பு அளவு) .540 அங்குலம், 36 மரை. பைத்தானில் 9/16, 32 மரை. கோல்ட் பெரிசு என்பதால் கடைந்து சிறிதாக்கி மறுபடி மரை போட்டால் முடிந்தது. தலைவலி அடுத்ததில்தான். ஸ்மித்தில் சிலிண்டரைப் பின்னால் ஒரு முள்ளும், முன்னால் பேரலுக்கு அடியில் இருக்கிற ஒரு சின்னத் தாழும் சேர்ந்து பிடிக்கின்றன. கோல்ட்டில் முன்தாழே கிடையாது. ஏனென்றால் கோல்ட் சிலிண்டர் சுடுபவர் கண்ணுக்குக் கடிகாரம் போகிற பக்கம் சுற்றும், அந்தத் தள்ளலே அதை ஃப்ரேமுக்குள் அமுக்கும். ஸ்மித் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, ஒவ்வொரு முறையும் சிலிண்டரை வெளியே தள்ளப் பார்க்கும். முன்தாழ் இல்லாத கோல்ட் பேரலை ஸ்மித்தில் மாட்டினால் அந்தத் தள்ளலை யார் தாங்குவது?

இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வைத்திருந்தார்கள். சிலர் கோல்ட் பேரலின் அடியைக் குடைந்து ஸ்மித் தாழை உள்ளே நுழைத்தார்கள். சிலர் யோக்கில் ஸ்பிரிங் வைத்த எஃகுக் குண்டு பதித்தார்கள். சிலர் ஒன்றுமே செய்யாமல் விட்டதையும் பார்த்திருக்கிறேன், அதை வாங்கினவன் பாவம். உங்களுடையதில் என்ன?

ஒகாயோக்காரன்

பேரலுக்கு அடியில் தாழ் இல்லை. யோக்கை வெளியே இழுத்துப் பார்த்தால், ஃப்ரேமைத் தொடுகிற முகத்தின் மேல் மூலையில் கடுகு அளவுக்கு ஓர் எஃகுக் குண்டு தெரிகிறது. விரலால் அமுக்கினால் உள்ளே போய் வருகிறது. ஃப்ரேமில் அதற்கு நேராக ஒரு சின்னக் குழி. மூடும்போது 'டக்' என்று உட்காருவது இதனால்தான் போல. குண்டைச் சுற்றி மூன்று இடத்தில் கூருளியால் தட்டி இறுக்கிய தடம் இருக்கிறது.

ஐம்பதுகஜம்

என்னிடம் இரண்டு ஸ்மோல்ட் உண்டு, இரண்டும் ரசீதோடு வந்தவை, இரண்டு வேறு பட்டறை. ஒன்றில் தாழ், ஒன்றில் குண்டு. குண்டு இருப்பதைக் கழற்றிப் பார்த்தேன். யோக்கின் கீழ்ப் பக்கத்தில் இருக்கிறது, கூருளித் தடம் கிடையாது, திருகி உள்ளே இறக்கியிருக்கிறார்கள். உங்களுடையதோடு ஒத்துப்போகவில்லை. ஒரு பெயரைக் கழித்துவிடலாம், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

டொராண்டோ_பனி

இஞ்ச கனடாவில 2022 ஒக்டோபருக்குப் பிறகு கைத்துப்பாக்கி வாங்கவும் ஏலாது, கைமாத்தவும் ஏலாது. அதால உங்கட இழையை வாசிச்சே வயித்தை நிரப்பிறன். உள்பக்கம் திறந்து பாக்கேல்லையோ?

கொங்கு_காடு

எங்கள் பக்கம் உரிமம் வாங்குவதற்குள் முடி நரைத்துவிடும், வாங்கினாலும் கான்பூர் .32தான். அதில் யார் செய்தது என்ற சந்தேகமே வராது, தொழிற்சாலைப் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும்.

ஒரு கேள்வி. பேரலில் பைத்தான் என்ற பெயரை ஏன் அழித்தார்கள்? திருட்டு பேரலோ?

லேத்து_பட்டறை

திருட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை அண்ணா. பைத்தான் பேரலில் .357 மேக்னம் என்று கூடவே எழுதியிருக்கும். இந்தச் சிலிண்டர் .38. மேக்னம் தோட்டா எட்டில் ஓர் அங்குலம் கூடுதல் நீளம், முழுசாக உள்ளே போகாதுதான், ஆனாலும் பேரலில் தப்பான அளவு எழுதிய துப்பாக்கியை நல்ல கைகாரன் வெளியே விட மாட்டான். புதுசாக நீலம் (எஃகு துருப்பிடிக்காமல் இருக்கக் கொடுக்கும் நீல நிறம்) ஏற்றும் முன்பு சாணை பிடித்து எடுத்திருப்பார்.

அதைச் சொன்னதும் நினைவு வருகிறது. ஒகாயோ, சைட் பிளேட்டின் (உடம்பின் பக்கத்தில் இருக்கிற மூடித் தகடு) ஓரக்கோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சக்கரத்தில் கொடுத்து அவசரமாகத் தேய்த்திருந்தால் அந்தக் கோடு மழுங்கி, திருகுத் துளைகள் கிண்ணம் மாதிரி சரிந்திருக்கும்.

ஒகாயோக்காரன்

கோடு எங்கே இருக்கிறது என்று நகத்தை வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. துளைகளின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கிறது.

சனிக்கிழமை திறந்தேன். சைட் பிளேட்டை நெம்பக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு துப்பாக்கியைக் கெடுத்துப் படித்த பாடம். திருகுகளை எடுத்துவிட்டு, கைப்பிடிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் தட்டிக்கொண்டே இருந்தேன். பதினைந்தாவது தட்டில் தானாக மேலே வந்தது. உள்ளே ஒரே சுத்தம். டிரிகர் முகம் வழவழப்பாகத் தேய்த்திருக்கிறது. டிரிகர் அதிகம் பின்னால் போகாமல் இருக்க அதைத் திரும்பத் தள்ளுகிற ரீபவுண்ட் ஸ்பிரிங்குக்குள் ஒரு சின்னக் கம்பித் துண்டு. ஹேமரில் நிறுத்தி வைக்கிற பல்லை எடுத்திருக்கிறார்கள். எழுத்து? ஒன்றும் இல்லை. பிளேட்டின் உள்பக்கத்தில் ஸ்மித்தின் சொந்த எண்கள் மட்டும்.

அப்புறம் சும்மா இருக்க முடியாமல் பின் சைட்டையும் கழற்றினேன். மாடல் 10ல் சைட் கிடையாது, ஃப்ரேமில் ஒரு வாய்க்கால்தானே. இதில் மேல்பக்கத்தை மில்லிங்கில் தட்டையாக்கி, ஸ்மித்தின் நகர்த்திச் சரிசெய்யக்கூடிய சைட்டைப் பதித்திருக்கிறார்கள். அதைத் தூக்கினால்...

மின் எழுதுகோலால் கிறுக்கிய எழுத்து! 'சி.டி.எல்.' அதற்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் ஏழு எண்களும். படம் இணைத்திருக்கிறேன். செய்தவர் கையெழுத்துக் கிடைத்துவிட்டது!

ஏலக்கடை

சி.டி.எல்.! வாழ்த்துகள்! டி என்றால் டேவிஸ்தான், சந்தேகமே வேண்டாம். பக்கத்தில் இருப்பது அவருடைய வேலை எண்.

டொராண்டோ_பனி

ஒரு தனிப் பட்டறை ஏழு இலக்கம் வரைக்கும் வேலை செய்திருக்குமோ? லட்சக்கணக்கில துவக்கு செய்த மனுசனெண்டால் பேர் தெரியாமல் இருக்காதே.

பே_ஏரியா_பூனை

நெறியாளரே, முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். உடனே.

சி.டி.எல். ஒருவரின் பெயரும் இல்லை. கலிபோர்னியா டிரைவர்ஸ் லைசென்ஸ். எங்கள் ஊரில் ஓட்டுநர் உரிம எண் அப்படித்தான் இருக்கும், ஓர் எழுத்து, ஏழு எண். வீட்டுச் சாமான் திருடு போனால் அடையாளம் காட்ட, டிவி, சைக்கிள், துப்பாக்கி என்று எல்லாவற்றிலும் உரிம எண்ணைக் கிறுக்கி வைக்கச் சொல்லிப் போலீஸே ஊக்கப்படுத்தியது. 'ஆபரேஷன் ஐடென்டிஃபிகேஷன்' என்று பெயர், 1963ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து மான்டரே பார்க்கில் தொடங்கி நாடு முழுக்கப் போனது. எழுதுகோலைக் காவல் நிலையத்திலேயே இரவல் கொடுப்பார்கள். நான் வாங்கிய பழைய வீட்டுக் கராஜில் கிடந்த ஒரு டிரில்லிலும் இதேதான் இருந்தது.

நெறியாளர்

படத்தை எடுத்துவிட்டேன். இனி எண் போடும் யாரும் கடைசி இலக்கங்களை மறைத்துப் போடவும். ஒன்பது இலக்கமாக, மூன்று, இரண்டு, நான்கு என்று பிரித்து எழுதியிருந்தால் அது சமூகப் பாதுகாப்பு எண். அந்தக் காலத்தில் அதையும் கிறுக்கினார்கள். அதைப் போட்டால் படம் மட்டும் போகாது, கணக்கும் போகும்.

ஒகாயோக்காரன்

மன்னிக்கவும், தெரியாமல் போட்டுவிட்டேன். இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன். ஆக இது வெறும் உரிமையாளரின் எண். செய்தவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

லேத்து_பட்டறை

அவசரப்படாதீர்கள். அந்த எழுத்து எங்கே இருக்கிறது? மில்லிங் செய்த தளத்தில், சைட்டுக்கு அடியில். அப்படியென்றால் மில்லிங்குக்குப் பிறகு, சைட் கழன்று இருந்தபோது எழுதியது. பூதக்கண்ணாடி எடுங்கள். கீறலின் அடிப்பகுதி வெள்ளையாக மின்னுகிறதா, நீலமாக இருக்கிறதா? நீலம் ஏற்றிய பிறகு கிறுக்கியிருந்தால் எஃகு வெள்ளையாகத் தெரியும், அல்லது லேசாகத் துரு ஏறியிருக்கும்.

ஒகாயோக்காரன்

நகைக்கடை நண்பரிடம் பத்து மடங்கு லென்ஸ் வாங்கி வந்து பார்த்தேன். கீறலின் அடி வரைக்கும் நீலம். சுற்றியுள்ள தளத்தில் இருக்கும் அதே நீலம். கீறலின் இரண்டு கரையிலும் எழும்பியிருக்க வேண்டிய பிசிறும் இல்லை, யாரோ மேலோட்டமாகத் தேய்த்துவிட்டிருக்கிறார்கள்.

லேத்து_பட்டறை

பார்த்தீர்களா! நீலம் ஏற்றும் முன்பே எழுதியிருக்கிறார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போது, பட்டறைக்குள்ளே, ஃப்ரேம் வெறும் எஃகாக இருந்த நேரத்தில்.

பே_ஏரியா_பூனை

அப்படியென்றால் கலிபோர்னியா உரிமம் வைத்திருந்த ஒருவருக்காகச் செய்தது என்பது வரைக்கும் உறுதி. பட்டறையும் கலிபோர்னியா என்று சொல்ல முடியாது. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்கு வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு அனுப்பலாம், அவர்கள் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். என் மாமா அரிசோனாவுக்கு அனுப்பி ஒன்று செய்து வாங்கினார்.

ஏலக்கடை

கலிபோர்னியா, ஸ்மோல்ட், 1970கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? டேவிஸ்.

ஐம்பதுகஜம்

அந்தக் கணக்குப்படி கலிபோர்னியாவில் லேத் வைத்திருந்த எல்லோரும் டேவிஸ்தான்.

ஒகாயோக்காரன் (ஏழு வாரம் கழித்து)

இழையை மேலே தூக்குகிறேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்குக் கடிதம் கேட்டு எழுதியிருந்தேன், நேற்று வந்தது. 1974ல் அனுப்பியது. 4 அங்குலக் கனத்த பேரல், நீலம், சதுரக் கைப்பிடி. போன இடம் கிழக்குக் கரையில் ஒரு மொத்த வியாபாரி. கலிபோர்னியா எங்கேயும் வரவில்லை. தொழிற்சாலைக்குத் திரும்பி வந்து வேலை செய்யப்பட்டதாகக் குறிப்பு இல்லை. கைப்பிடிச் சட்டத்திலும் அவர்கள் பழுது பார்த்தால் குத்துகிற தேதி இல்லை, நட்சத்திரமும் இல்லை. ஆக வெளியில்தான் செய்திருக்கிறார்கள். அது முன்பே தெரிந்ததுதான்.

ஏல வீட்டுக்காரர் வழியாகப் பெரியவரின் மகளிடம் பேசினேன். அப்பா ஒகாயோவை விட்டு வெளியே குடியிருந்ததே இல்லையாம். போலீஸிலும் இல்லை, தச்சு வேலை. 1990களில் ஏதோ ஒரு கன் ஷோவில் வாங்கியது என்பது மட்டும் அவருக்கு ஞாபகம். வாங்கின அன்று அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம், அதனால் நினைவிருக்கிறது.

பே_ஏரியா_பூனை

அந்த உரிம எண்ணை வைத்து யாரும் ஆளைத் தேட முடியாது. 1994ல் வந்த கூட்டரசு சட்டப்படி மோட்டார் வாகனத் துறை அந்த விவரத்தைத் தனியாருக்குக் கொடுக்கக் கூடாது. கொடுக்கக் கூடாததும் நியாயம்.

லேத்து_பட்டறை

எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாடிக்கையாளர் துப்பாக்கி கொண்டுவந்து கொடுக்கிறார் என்று வையுங்கள். பட்டறைக்காரர் அவருடைய உரிம எண்ணை எதற்குத் தன் கையால் எழுதிப் பிசிறு தேய்த்து, நீலம் ஏற்றி, மேலே சைட்டைப் போட்டு மூடுவார்? கேட்டுக்கொண்டால் செய்திருக்கலாம். ஆனால் பொதுவாக உரிமையாளர்கள் வெளியே, கைப்பிடிக்கு அடியில், கோணல் மாணலாகக் கிறுக்குவார்கள், நீலத்தின் மேலேயே. வெறும் எஃகாக இருந்த அந்த நேரத்தில் ஃப்ரேம் யார் கையில் இருந்தது? செய்தவர் கையில். அந்த எண் செய்தவருடையதாகவே இருந்தால்?

ஐம்பதுகஜம்

தனக்காகவே செய்துகொண்ட ஓர் ஆயுதப் பராமரிப்பாளர். போலீஸ்காரர் என்பதால் மின் எழுதுகோல் மேசையிலேயே இருந்திருக்கும். மறுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நிரூபிக்கவும் வழி தெரியவில்லை.

டொராண்டோ_பனி

அப்ப முதல் நாள் கையெழுத்துக் கிடைச்சுதெண்டு குதிச்சது பிழையில்லைப் போல.

ஒகாயோக்காரன்

இருக்கலாம். பெட்டியில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். 'ஸ்மித் 10-6, 1974. பைத்தான் பேரல், யோக்கில் எஃகுக் குண்டு. செய்தவர் தெரியாது. நீலம் ஏற்றும் முன் எழுதிய கலிபோர்னியா உரிம எண் பின் சைட்டுக்கு அடியில்.' எனக்குப் பிறகு ஏலம் விடுகிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

ஏலக்கடை

விற்கிற எண்ணம் வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள் சார். டேவிஸ் என்று போட மாட்டேன், சத்தியம்.

ஒகாயோக்காரன்

இப்போதைக்கு விற்கிற எண்ணம் இல்லை. நேற்றுப் போய்ச் சுட்டேன். 25 கஜத்தில் ஆறில் ஐந்து, ஒரு டீ கிளாஸ் வாய்க்குள் அடங்கியது. ஆறாவது என் தப்பு. 50 கஜத்தைப் பற்றி ஐம்பதுகஜத்திடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 148 கிரெயின் வாட்கட்டர் இரண்டு பெட்டிதான் மிச்சம், ஒகாயோ பக்கம் எந்தக் கடையிலும் இல்லை. யாருக்காவது எங்கே கிடைக்கும் என்று தெரியுமா?

ஐம்பதுகஜம்

கடையை நம்பாதீர்கள். தனிமடல் பாருங்கள், நானே நிரப்புகிற முறையை எழுதியிருக்கிறேன்.